இரும்புக்கை மாயாவி எங்கட வன்னியில பிறந்திருந்தா, அது குரு சோமசுந்தரம்தான்

கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஒரு படம் ஓடுது. வேலைக்கு ஏணியில ஏறி நிக்கேக்கயும் ஓடுது, இரவு படுத்தாப்பிறகும் ஓடுது, வீட்டில மனுசிக்கும் மகளுக்கும் சொல்லிச் சொல்லி இப்ப அவையளும் சீன் சொல்லத் தொடங்கீட்டினம், அதால எழுதியே வைப்பம் எண்டு இருந்திட்டன். படம் இரும்புக்கை மாயாவி, அந்தப் பழைய காமிக்ஸ் கதை. ஹீரோ நடிகர் குரு சோமசுந்தரம். கதை நடக்கிறது இலங்கையின்ர வடக்கில, எங்கட வன்னியில.

லோகேஷ் கனகராஜ் அந்தப் பேரில ஒரு படம் எடுக்க ஆசைப்படுறார் எண்டு கன வருசமாக் கதை அடிபடுது, சூர்யான்ர பேரும் அதோட சேர்ந்து அடிபட்டது. கனடாவில இருக்கிற தம்பிக்கு நான் குரு சோமசுந்தரம் எண்டு சொன்னவுடன போனிலயே சண்டைக்கு வந்திட்டான். "அண்ணா, சூர்யாவ விட்டா வேற ஆர்?" எண்டான். எனக்கு சூர்யாவப் பிடிக்காது எண்டில்லை, நல்ல நடிகன், ஆனா சூர்யா வந்து நிண்டா சனம் சூர்யாவைத்தான் பாக்கும். இந்த வேசத்துக்கு வேணுமானது வேற. பரந்தனில பஸ் ஏறி கடைசி சீற்றில இருந்து புளியங்குளம் மட்டும் போனாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்காத மாதிரியான ஒரு மனுசன் வேணும். மாயாவி எண்டிறது அதுதானே.

இளம் பெடியளுக்குத் தெரியாட்டி, மாயாவின்ர கதை இங்கிலாந்தில பிறந்தது. 1962 ஒக்டோபரில வேலியண்ட் எண்ட கிழமைப் புத்தகத்தில தொடங்கினது. படம் கீறினவர் ஹெசூஸ் பிளாஸ்கோ எண்ட ஸ்பெயின்காரர், அவற்ற கறுப்பு மையும் நிழலும் இப்ப பாத்தாலும் ஆளை இழுக்கும். 1972ல சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கேக்க அவை போட்ட முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவிதான். அதில வாற லூயி கிராண்டேல் ஒரு பேராசிரியரிட்ட வேலை செய்யிற லாப் உதவியாள், ஆய்வுகூடத்தில நடந்த விபத்தில வலது கையை இழந்து அதுக்குப் பதிலா இரும்புக்கை பூட்டினவன். பிறகொரு நாள் மெசின் வெடிச்சுப் பெரிய கரண்ட் அடிக்க ஆள் மறைஞ்சுபோறான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில தெரியுது. அதுக்குப் பிறகு எப்ப மறையவேணும் எண்டாலும் கரண்டில கை வைக்கவேணும். முதல் கதையில அவன் நல்லவனும் இல்லை, சிடுமூஞ்சி, சக்தி வந்தவுடன களவு செய்யத்தான் வெளிக்கிடுறான். நல்லவனா மாறுறது பிறகுதான். எனக்கு அவனில பிடிச்சதே அது, பிறக்கேக்கயே நல்லவனாப் பிறந்த ஹீரோமார் எங்களுக்குக் கனபேர் இருக்கினம்.

எனக்கு இந்தப் புத்தகங்கள் சின்னமாமாவால வந்தது. 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணத்தில வலிகாமம் முழுக்கச் சண்டையால இடம்பெயரேக்க சின்னமாமா சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வந்தது ரெண்டே ரெண்டு சாமான், ஒண்டு அம்மம்மான்ர தையல் மெசின் தலை, மற்றது காமிக்ஸ் புத்தகம் நிரம்பின ட்ரங்குப்பெட்டி. தென்மராட்சியில கொஞ்ச நாள், பேந்து கிளாலியால வள்ளத்தில எங்களிட்ட கிளிநொச்சிக்கு. அடுத்த வருசம் நாங்களும் கிளிநொச்சியை விட்டு ஸ்கந்தபுரம் பக்கம் ஓடினம், பெட்டியும் எங்களோட ஓடினது. காட்டை வெட்டிப் போட்ட கிடுகுக் கொட்டில், ஜாம் போத்திலுக்குள்ள பஞ்சைப் போட்டு நாலு துளி மண்ணெண்ணெய் விட்டு எரிக்கிற விளக்கு, அந்த வெளிச்சத்தில சின்னமாமா வாசிப்பார், நாங்கள் அஞ்சாறு பிள்ளையள் சுத்தி இருப்பம். மாயாவி ஸ்விட்ச் போர்ட்டில விரல வைக்கிற இடம் வந்தா சின்னமாமா வாசிக்கிறத நிப்பாட்டிப்போட்டு எங்கட முகத்தப் பாப்பார்.

இப்ப யோசிச்சா எனக்குப் புதினமா இருக்கிற விசயம் என்னண்டா, எங்களில அரைவாசிப் பிள்ளையள் ஸ்விட்ச் போர்ட்டையே கண்ணால கண்டதில்லை. 90களில வன்னியில லக்சபான கரண்ட், அதுதான் அரசாங்கத்தின்ர லைன் கரண்ட், இல்லை. பற்றரியையும் அரசாங்கம் உள்ள வர விடாது. ரேடியோ கேக்கிறதெண்டா சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து வயர் இழுத்து ரேடியோக்குக் குடுக்கிறது. அந்த டைனமோ 6 வோல்ட் 3 வாட், அவ்வளவுதான். நாங்கள் அதில மாயாவி விளையாடுவம். ஒருத்தன் சுத்துவான், ஒருத்தன் வயர் ரெண்டையும் பிடிப்பான், மற்ற எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு "மறைஞ்சிட்டான் மறைஞ்சிட்டான்" எண்டு கத்துவம். சுத்திறவன் களைச்சா மாயாவி திருப்பித் தெரிஞ்சிடுவான், அது எங்கட சட்டம். அதால வேகமாச் சுத்தக்கூடியவனுக்கு மாயாவியவிட மதிப்புக் கூட.

98ல ஒரு ஷெல்லில சின்னமாமான்ர வலது கை மணிக்கட்டுக்கு மேல போட்டுது. மாயாவிக்குப் போன அதே கை. அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேல அவர் அந்தப் பெட்டியத் திறக்கேல்லை, நாங்களும் கேக்கேல்லை. திறந்த நாள் எனக்கு நல்லா ஞாபகம், மழை நாள், அவராவே புத்தகத்தை எடுத்து இடது கையால பக்கம் தட்டி வாசிச்சார், கரண்டில விரல் வைக்கிற இடம் வந்தது, நிப்பாட்டேல்லை, வாசிச்சுக்கொண்டே போனார். 2009ல மாத்தளன் பக்கம் போகேக்க பெட்டியை ஒரு பங்கருக்குள்ள வைச்சிட்டு வந்தம். ஆள் வந்து சேர்ந்திட்டார், அது காணும்.

இனிப் படத்துக்கு வாறன்.

எங்கட மாயாவி ஒரு பள்ளிக்கூடத்தில ஆய்வுகூட உதவியாள். குழாய் கழுவுறது, ஸ்பிரிட் லாம்புக்குத் திரி போடுறது, பிள்ளையள் உடைச்ச பீக்கருக்குக் கணக்கு எழுதுறது. 90களிலயே கை போனவன், இரும்புக்கை பூட்டினவன், ஆனா சக்தி இருக்கிறது அவனுக்குத் தெரியாது, ஏனெண்டா இருவது வருசமா அவன்ர ஊரில அவனை மறைய வைக்கிற அளவுக்குக் கரண்டே இருக்கேல்லை. எனக்கு இந்த ஒரு இடத்தாலதான் முழுக் கதையும் திறந்தது. அவனுக்குள்ள அது எப்பவோ இருக்கு. செல்லடிக்குள்ள ஓடேக்கயும் இருந்திருக்கு, மறைஞ்சு போயிருக்கலாம், பிள்ளையளக் காப்பாத்தியிருக்கலாம், கரண்ட் இல்லை. சண்டை எல்லாம் முடிஞ்சு, ஊர் திரும்பி, தகரக் கொட்டில் போட்டு, ஒரு நாள் ட்ரான்ஸ்போமர் வைச்சு றோட்டால கம்பி இழுத்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லைன் குடுக்கினம், அண்டைக்குத்தான் அவன் முதன்முதலா மறையிறான். சந்தோசப்படுறதா அழுகிறதா எண்டு தெரியாத ஒரு முகம் வேணும் அந்த இடத்தில. பிந்தி வந்த சக்தி. அந்த முகத்தை நான் குரு சோமசுந்தரத்திட்ட ஏற்கெனவே கண்டிருக்கிறன்.

2021 கிறிஸ்மஸுக்கு மின்னல் முரளி வந்தது, மலையாளப் படம், ரெண்டு பேருக்கு ஒரே இரவில மின்னல் அடிக்கும், ஒருத்தன் ஹீரோ, ஒருத்தன் வில்லன். அந்த வில்லன் ஷிபுதான் குரு. ஊரே கணக்கில எடுக்காத ஒருத்தன், 28 வருசமா ஒரு பொம்பிளையை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறவன், அவள் சரி எண்டு சொல்லுற ஒரு இடம் வரும். அழுகையும் சிரிப்பும் மூச்சும் ஒண்டா வந்து முட்டி வாய் திறந்தும் சத்தம் வராம நிப்பார். நான் அந்த இடத்தை எத்தினை தரம் பாத்தன் எண்டு கணக்கில்லை. வில்லன் எண்டு வைச்ச ஆளுக்காகப் படம் பாத்த சனம் எல்லாம் அழுதது. கெட்டவனாத் தொடங்குற மாயாவிக்கு இதைவிட வேற என்ன சான்று வேணும்?

மற்றது, அவர் கூத்துப்பட்டறையில வளந்தவர். ந. முத்துசாமி ஐயா தொடங்கின பட்டறை, அங்க வருசக்கணக்கா உடம்பை வைச்சு வேலை செய்து பழகினவருக்கு முகம் இல்லாமலும் நடிக்கத் தெரியும். மாயாவி படத்தில அரைவாசி நேரம் ஆள் தெரியமாட்டார், கை மட்டும்தான். தம்பி கேட்டான், "அப்ப குரு எதுக்கு, கிராபிக்ஸில ஒரு கைய விட்டாச் சரிதானே?" எண்டு. இல்லை. அந்தக் கை குருன்ர கையா இருக்கவேணும். தோள் எங்க இருக்கு, ஆள் களைச்சிட்டானா, பயந்திட்டானா, வயசு போட்டுதா எண்டு அந்தக் கை மிதக்கிற விதத்தில பாக்கிற சனத்துக்கு விளங்கவேணும். பொம்மலாட்டக்காரனுக்கும் கூத்தாடுறவனுக்கும்தான் அது தெரியும். என்னைக் கேட்டா, ஷூட்டிங்குக்கு முதல் அவரை முள்ளியவளைக்குக் கூட்டிக்கொண்டு போய் கோவலன் கூத்து ஆடுற பெரியாக்களோட இருத்தவேணும். அந்த நிலத்துக்கெண்டு ஒரு கால் வைப்பு இருக்கு, அது அவற்ற காலுக்கு வந்திட்டா கை தானா வரும்.

பாசைக்கும் அதே வைத்தியம்தான். இந்தியப் படங்களில எங்கட தமிழ் வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும், நாலு "எண்டு" போட்டு, ரெண்டு "என்ன" போட்டு, இழுத்துக் கதைச்சா ஈழத்தமிழ் எண்டு நினைக்கினம். யாழ்ப்பாணத்தான் கதைக்கிறது வேற, மன்னார்க்காரன் கதைக்கிறது வேற, எங்கட பக்கம் வேற. இன்னொரு மொழியிலயே நடிச்சு அந்தச் சனத்தையே அழவைச்ச மனுசனுக்கு எங்கட தமிழ் வராதெண்டு நான் நம்பமாட்டன், விசுவமடுச் சந்தையில மூண்டு மாசம் மரக்கறிக்கடைப் பக்கம் குந்தியிருந்து கேட்டாச் சரி.

கரண்ட் அடிக்கிற சீனைப் பற்றி நான் கொஞ்சம் கூடச் சொல்லவேணும், ஏனெண்டா நான் வயரிங் வேலை செய்யிறவன், 14 வருசமா இதுதான் என்ர சோறு. படங்களில கரண்ட் அடிச்சா நீல நிறத்தில மின்னும், ஆள் பறந்துபோய் விழுவார். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் அப்பிடிப் பெரும்பாலும் செய்யாது, அது பிடிக்கும். 10, 15 மில்லி அம்பியர் உடம்பால போனாலே கை தானா மூடி இறுகும், விடவேணும் எண்டு மூளை சொல்லும், விரல் கேக்காது. அதாலதான் வீட்டுக்கு 30 மில்லி அம்பியரில விழுற ட்ரிப் சுவிச் போடச் சொல்லி நான் எல்லாரோடயும் சண்டை பிடிக்கிறது, அது கண் மூடி முழிக்க முதலே லைனை வெட்டிடும். இப்ப மாயாவிய நினைச்சுப் பாருங்கோ. இரும்புக்கையில தசை இல்லை, அது இறுகாது. முழங்கைக்கு மேல உடம்பெல்லாம் வளைஞ்சு முறுகுது, பல்லுக் கிட்டுது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி நிக்குது, ஆனா அந்தக் கை மட்டும் மேசையில வைச்ச கரண்டி மாதிரி அமைதியா இருக்கு. சத்தம் வேண்டாம், மியூசிக் வேண்டாம், ட்ரான்ஸ்போமர் உறுமுற சத்தம் ஒண்டு காணும். குருவால அதைச் செய்யேலும். ஒவ்வொரு தரம் மறையிறதுக்கும் அவன் அந்த வேதனையைத் தானா விரும்பிப் போய்த் தொடவேணும் எண்டிறத அந்த ஒரு சீனிலயே சனத்துக்கு உறைக்க வைக்கவேணும், பிறகு படம் முழுக்க அவன் பிளக்கடிக்குப் போகேக்கெல்லாம் தியேட்டரில இருக்கிற ஆக்கள் மூச்சைப் பிடிப்பினம்.

மறைஞ்சவுடன அவன் முதல் எங்க போறான்? கிராண்டேல் களவுக்குப் போனவன். இவன் தன்ர காணிக்குப் போறான். முள்ளுக்கம்பி வேலிக்கு அங்கால கிடக்கிற காணி, கன வருசமா உள்ள போக விடாத காணி. 2017ல கேப்பாப்புலவுச் சனம் ஆமி பிடிச்சு வைச்சிருந்த தங்கட காணிக்காக றோட்டோரத்தில மாசக்கணக்கா இருந்தது இங்க எல்லாருக்கும் தெரியும், அந்த வலியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வேலிக்கு இங்கால நிக்கிற ஒரு கிழவிக்கு தூரத்தில கிணத்தடியில இரும்புக்கை ஒண்டு கப்பிக் கயிறைப் பிடிச்சிருக்கிறது மட்டும் தெரியுது. கயிறு இறங்குது, வாளி மேல வருது, சரியுது, தண்ணி அந்தரத்தில நிண்டு மறையுது. அவ்வளவுதான் சீன். அந்தக் கிழவி பயப்பிடமாட்டா. வற்றாப்பளை அம்மாளுக்கு ஒவ்வொரு வருசமும் கடல் தண்ணியில விளக்கெரியிறதப் பாத்து வளந்த மனுசி, கை தனிய நிண்டு தண்ணி அள்ளினா கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு நிப்பா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டா.

வில்லன் ஆர் எண்டு மகள் கேட்டவ. மணல்காரர். இரவு இரவா கனகராயன் ஆத்துப் பக்கம் டிப்பர் இறங்கி ஏறுறது எங்களுக்குப் புதுசில்லை. கடைசிச் சண்டை இரணைமடுக் குளக்கட்டில, அடை மழையில. 2018 டிசம்பர் வெள்ளத்தில வான் கதவு திறந்த அண்டைக்கு நாங்கள் விடிய விடிய முழிச்சிருந்தம், தண்ணி இரையிற சத்தம் இப்பவும் காதில கிடக்கு, அந்தச் சத்தத்தை அப்பிடியே எடுக்கவேணும். படத்தில கரண்ட் நிண்டிடுது, கதவு அசையுதில்லை, குளம் கட்டைத் தொடுது. கரண்ட் இல்லாட்டி மாயாவி மறையேலாது. மணல்காரன்ர ஆக்கள் டோர்ச் அடிச்சுத் தேடினம். அப்பத்தான் ஆரோ ஒரு பெடியன் கட்டில சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவச் சுத்தத் தொடங்கிறான், பேந்து இன்னொருத்தன், பேந்து ஊர்ப் பெடியள் எல்லாம், ஒரு வரிசையா. 6 வோல்ட் 6 வோல்ட்டாச் சேருது. வயரிங்காரனா எனக்குத் தெரியும் உண்மையில அது நடக்காது எண்டு. நடக்கட்டும். எங்கட சட்டம் இருக்கே, சுத்திறவன் களைக்கக்கூடாது. பெடியள் சுத்த, ஆள் மறைய, மழைக்குள்ள இரும்புக்கை மட்டும் வான் கதவுச் சக்கரத்தைச் சுத்திறது தெரியவேணும்.

இந்தக் கதையை சின்னமாமாக்குச் சொன்னது போன மாசம். முழுக்கக் கேட்டார். குரு சோமசுந்தரம் ஆர் எண்டு தெரியேல்லை, போனில படம் காட்டினன், கன நேரம் பாத்திட்டு "இவன் சரி" எண்டார். பேந்து அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பதிவையே எழுத வைச்சது. "தம்பி, மாயாவி கரண்ட் அடிச்சுத்தானே மறையிறவன். எனக்கு கரண்டும் தேவையில்லை. நான் சந்தைக்குப் போனா சனம் முதல் கையைப் பாக்கும். கன பேர் கையோட நிண்டிடுவினம், மேல வரமாட்டினம்." கோவமாச் சொல்லேல்லை, வெத்திலை மடிக்கிற மாதிரிச் சாதாரணமாச் சொன்னார். சின்ன வயசில நாங்கள் விழுந்து விழுந்து பாத்த அந்தப் படம், ஆள் இல்லை கை மட்டும் தெரியுது எண்டிறது, 98க்குப் பிறகு அவற்ற சீவியமாவே இருந்திருக்கு, ஒரே வீட்டில இருந்தும் எனக்கு அது விளங்கேல்லை. இனி ஆர் இந்தப் படத்தை எடுத்தாலும் குருட்ட முதல் சொல்லவேண்டியது இதுதான். மறையாத நேரத்திலயும் அவனைச் சனம் பாக்கிறதில்லை. மறைஞ்சாப்பிறகுதான் ஊரே அவனைத் தேடுது.

அதோட கையைச் சரியாக் காட்டவேணும். ஜெய்ப்பூர் கால் எண்டா எங்கட ஆக்களுக்குப் பெரிய உதவி, ரப்பர் பாதம், செருப்பில்லாம நடக்கலாம், குந்தலாம், வயல் சேத்துக்குள்ள இறங்கலாம். கை அப்பிடியில்லை. சின்னமாமாக்குக் கிடைச்ச கை வடிவா இருக்கும், கலியாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போவார், பங்குனி சித்திரை வெய்யிலுக்கு உள்ளுக்க வேர்த்துப் புண் வரும், வார் தோளை அறுக்கும், வீட்டுக்கு வந்தவுடன கழட்டி ஆணியில கொழுவிடுவார். மாயாவியும் இரவில கையைக் கழட்டவேணும். அடிபாட்டுக்கு முதலோ பிறகோ ஒரு சீன், குரு தனிய இருந்து வாரை அவிழ்த்து, அந்த இடத்தில தேங்காயெண்ணெய் பூசவேணும். எந்த சூப்பர்ஹீரோ படத்திலயும் நான் அப்பிடி ஒரு சீன் காணேல்லை.

சின்னமாமா தன்ர பங்குக்கு ஒரு சீன் கேட்டார். ஒரு கையால சாரம் கட்டுறது. "அதைப் பிழையாச் செய்தா நான் படம் பாக்காம எழும்பி வந்திடுவன்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பி நிண்டு செய்து காட்டினார், நான் போனில வீடியோ எடுத்து வைச்சிருக்கிறன், குருக்கு அனுப்ப வழி இருந்தா அனுப்புவன். சாரத்தின்ர ஒரு பக்கத்தைப் பல்லால கடிச்சுக்கொண்டு, மற்றப் பக்கத்தை இடது கையால இழுத்து இடுப்பைச் சுத்திக் கொண்டுவந்து, மொட்டைக் கையால வயித்தோட அமத்திப் பிடிச்சு, பல்லை விட்டு, அந்தத் தலைப்பை எடுத்து மடிச்சு ஒரு சுருட்டு, உள்ளுக்க ஒரு சொருகு. நாலு செக்கன்கூட இல்லை. "திருப்பி ஒருக்காச் செய்யுங்கோ மாமா, கை தெரியேல்லை" எண்டன். "கைய எடுக்காத, முகத்தை எடு" எண்டார்.